எக்ஸ்ரே எடுத்த பிறகு கர்ப்பம் தெரிந்தால்

கேள்வி: மாடிப்படியில் வழுக்கி விழுந்ததால் இடுப்பு முதுகெலும்புக்கு இரண்டு எக்ஸ்ரே எடுத்தார்கள். அடுத்த வாரம்தான் கர்ப்பம் உறுதியானது. எக்ஸ்ரே எடுத்தபோது, கடைசி மாதவிலக்கிலிருந்து 33 நாள். குழந்தை ஊனமாகப் பிறக்கும், கலைத்துவிடு என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: இந்த எக்ஸ்ரேவுக்காகக் கருவைக் கலைக்க வேண்டியதே இல்லை. கரு எவ்வளவு கதிர்வீச்சு வாங்கியது என்று பார்க்காமல் அப்படிச் சொல்வது தவறு.

கரு வாங்கும் அளவை மில்லிகிரே என்ற அலகில் கணக்கிடுவோம். இடுப்பு முதுகெலும்பு எக்ஸ்ரேவில் கருவுக்குப் போவது சராசரியாக 1.7, அதிகபட்சம் 10 வரை பதிவாகியிருக்கிறது. 100 மில்லிகிரேவுக்குக் கீழே என்றால் கதிர்வீச்சைக் காரணம் காட்டிக் கருவைக் கலைக்கக் கூடாது என்பது சர்வதேசக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையம் 2000இல் வெளியிட்ட வழிகாட்டுதல். கதிர்வீச்சே படாவிட்டாலும் நூறு குழந்தைகளில் சுமார் மூன்றுக்குப் பிறவிக் குறைபாடு இருக்கும். 10 மில்லிகிரே பட்டாலும் அந்தக் கணக்கு மாறுவதில்லை.

மனநிம்மதிக்கு உங்கள் கணக்கையே போட்டுப் பார்த்துவிடலாம். எடுத்த இடத்தில் எத்தனை படம், சரியாக விழாமல் திரும்ப எடுத்தார்களா, கதிரின் அளவைக் காட்டும் இயந்திர எண்களான கிலோவோல்ட் எவ்வளவு, மில்லியாம்பியர்-செகண்ட் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். அதைப் புற்றுநோய் சிகிச்சைப் பிரிவு உள்ள பெரிய ஆஸ்பத்திரியில் மருத்துவ இயற்பியலாளரிடம் கொடுத்தால் கருவுக்கான அளவை எழுதித் தருவார். சி.டி. ஸ்கேன் எடுத்தவர்கள் அதன் டோஸ் ரிப்போர்ட்டை (கதிர்வீச்சு அளவுக் குறிப்பை) கேட்டு வாங்க வேண்டும். இடுப்புக்கூட்டு சி.டி. சராசரியாக 25, சில சமயம் 79 வரைகூடப் போகும்; அங்கே இந்தக் கணக்கு கட்டாயம். தலை, மார்பு சி.டி.யில் கருவுக்குப் போவது சராசரியாக 0.1 மில்லிகிரேகூட இல்லை.

வாரக் கணக்கில் பலர் குழம்புகிறார்கள். கர்ப்பத்துக்கு எடுக்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் ரிப்போர்ட் கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணும். கதிர்வீச்சு அட்டவணைகள் கரு உண்டான நாளிலிருந்து எண்ணும். இரண்டுக்கும் இரண்டு வார வித்தியாசம். மூளை வளர்ச்சி அதிகம் பாதிக்கப்படக்கூடிய 8 முதல் 15 வாரம் என்பது ஸ்கேன் கணக்கில் 10 முதல் 17. நீங்கள் அதற்கு வெகு முன்னால் இருந்தீர்கள்.

இனி முதுகுவலி தொடர்ந்தால் எம்.ஆர்.ஐ. எடுக்கலாம்; படம் தெளிவாகத் தெரியப் போடும் கடோலினியம் ஊசி மட்டும் வேண்டாம். நிமோனியா சந்தேகம் என்று மார்பு எக்ஸ்ரே கேட்டால் மறுக்காதீர்கள்: கருவுக்கு 0.01 மில்லிகிரேவுக்கும் குறைவு, நோயைக் கண்டுபிடிக்காமல் விடுவதுதான் இருவருக்கும் ஆபத்து. வயிற்றில் ஈய ஏப்ரன் போடவில்லையே என்றும் பயப்பட வேண்டாம். மார்பிலிருந்து வயிற்றுக்கு வருவது பெரும்பாலும் உடம்புக்குள்ளேயே சிதறி வரும் கதிர். அதை ஏப்ரன் தடுக்காது. படம் எடுக்கும் பரப்பில் ஏப்ரன் விழுந்துவிட்டால், தானாக அளவைச் சரிசெய்யும் இயந்திரம் கதிரைக் கூட்டிவிடும்.

கண்டிப்பாகக் கூடாதது, தைராய்டுக்குக் கொடுக்கும் கதிரியக்க அயோடின்-131. கடைசி மாதவிலக்கிலிருந்து சுமார் பத்து வாரம் தாண்டினால் குழந்தையின் தைராய்டே அந்த அயோடினை இழுத்துக்கொண்டு அழிந்துபோகும். அதனால்தான் அந்தச் சிகிச்சைக்கு முன் கர்ப்பப் பரிசோதனை செய்கிறார்கள். பிறகு ஆறு மாதமாவது கருத்தரிக்க வேண்டாம் என்கிறார்கள்.