சைகை மொழி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் நிறுவனத்தில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். எங்கள் ஓவர்லாக் பிரிவில் காது கேளாத இளைஞர்கள் இருவர் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களோடு பேச விரும்பி, யூடியூப் காணொளி ஒன்றைப் பார்த்து, ஏ முதல் இசட் வரை ஒரு கையால் காட்டப் பழகினேன். அவர்களுக்கு அது புரியவில்லை. எங்கிருந்து தொடங்க வேண்டும்?
– வாசகர், திருப்பூர்

பதில்: நீங்கள் பழகியவை அமெரிக்கச் சைகை மொழியின் எழுத்துகள். உலகம் முழுவதற்கும் ஒரே சைகை மொழி என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில், அமெரிக்கரும் ஆங்கிலேயரும் பேசுவது ஆங்கிலமே என்றாலும், அவ்விரு நாடுகளின் சைகை மொழிகள் ஒன்றுக்கொன்று புரியாத அளவுக்கு வேறானவை. இந்தியச் சைகை மொழி தனி மொழி. அதில் ஆங்கில எழுத்துகளை இரண்டு கைகளாலும் காட்டுவார்கள். எனவே இணையத்தில் தேடும்போது ‘இந்தியச் சைகை மொழி’ என்றே குறிப்பிட்டுத் தேடுங்கள்.

புதுதில்லியில் 2015-இல் தொடங்கப்பட்ட இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம், 2018-இல் 3,000 சொற்களோடு ஒரு காணொளி அகராதியை வெளியிட்டது. 2021-இல் வந்த மூன்றாம் பதிப்பில் அது 10,000 சொற்களாக விரிந்தது. அதே மையம் 2022-இல் ‘சைன் லேர்ன்’ என்ற செல்பேசிச் செயலியையும் கொண்டுவந்தது. கோவை பெரியநாயக்கன்பாளையத்தில் உள்ள இராமகிருஷ்ண மிஷன் கல்வி வளாகமும் சைகைகளின் காணொளித் தொகுப்பை உருவாக்கியிருக்கிறது.

அகராதி கையில் இருந்தாலும், சொற்களை மட்டும் மனப்பாடம் செய்தால் மொழி வராது. இந்தியச் சைகை மொழிக்குத் தனி இலக்கணம் உண்டு, அதில் தமிழருக்குச் சில வசதிகளும் உண்டு. ‘அவர் ஆசிரியர்’ என்பதில் தமிழுக்கு வினைச்சொல் தேவைப்படாததைப் போலவே சைகை மொழிக்கும் தேவைப்படாது. ‘இல்லை’ என்பது கடைசியில்தான் வரும். காலத்தைக் குறிக்கும் சொல் பெரும்பாலும் முதலில் நிற்கும்: ‘நான் நேற்று பேருந்தில் போகவில்லை’ என்பதை ‘நேற்று – நான் – பேருந்து – போ – இல்லை’ என்ற வரிசையில் காட்டலாம். பழக்கம் தேவைப்படும் இடம் வினாச்சொல். ‘நீங்கள் எங்கே வேலை செய்கிறீர்கள்?’ என்று நாம் நடுவில் வைக்கும் ‘எங்கே’, அங்கே வாக்கியத்தின் இறுதிக்குப் போய்விடும்.

இதைவிட முக்கியமானது முகம். முகத்தை இயல்பாக வைத்துக்கொண்டு ‘சாப்பிட்டாயிற்று’ என்று காட்டினால் அது செய்தி. அதே சைகையைப் புருவத்தை உயர்த்தி, தலையைச் சற்று முன்னால் நீட்டிக் காட்டினால் ‘சாப்பிட்டாயிற்றா?’ என்ற கேள்வி. தமிழில் ‘ஆ’ என்ற வினா எழுத்து செய்யும் வேலையை அங்கே புருவம் செய்கிறது. புதிதாகக் கற்பவர்கள் எல்லாரும் பார்க்கிறார்களே என்ற கூச்சத்தில் முகத்தை இறுக்கிக்கொண்டு கையை மட்டும் அசைப்பதைப் பார்த்திருக்கிறேன். எதிரில் இருப்பவர் கேட்கப்படுகிறதா சொல்லப்படுகிறதா என்று தெரியாமல் திகைத்துப்போவார். அந்தக் கூச்சத்தைத்தான் முதலில் விட வேண்டும்.

தொடக்கத்தில் பெயர், ஊர், எண்கள், நேரம், உறவுமுறைகள், ‘புரியவில்லை’, ‘மறுபடியும் சொல்லுங்கள்’, ‘மெதுவாக’ ஆகியவை போதும். பிறகு உங்கள் பிரிவில் இருக்கும் அந்தத் தம்பிகளிடமே கேளுங்கள். சைகைகள் ஊருக்கு ஊர், படித்த பள்ளிக்குப் பள்ளி மாறக்கூடும் என்பதால், காணொளி காட்டுவதும் அவர்கள் காட்டுவதும் வேறாக இருந்தால் அவர்களுடையதையே எடுத்துக்கொள்ளுங்கள். கட்டிங், செக்கிங், பீஸ் ரேட் போன்ற தொழிற்சொற்களுக்கு அவர்கள் தமக்குள் ஏற்கெனவே சைகை வைத்திருக்கக்கூடும். நீங்களாக ஒன்றைப் புனைந்து அவர்கள்மீது சுமத்த வேண்டாம். அவர்களை அழைக்க, பார்வை படும் இடத்தில் நின்று கையை அசைக்கலாம், தோளில் மெல்லத் தட்டலாம். சன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றால் உங்கள் முகம் இருட்டாகத் தெரியும். வெளிச்சம் உங்கள்மீது விழும்படி நில்லுங்கள். காணொளியைப் பார்த்துப் பயிலும்போதும் ஒரு கவனம் தேவை: திரையில் இருப்பவரின் வலக்கை உங்களுக்கு இடப்பக்கம் தெரியும், அவர் வலக்கையால் காட்டுவதை நீங்களும் வலக்கையாலேயே காட்டுங்கள். இடக்கைப் பழக்கம் உள்ளவர் மாற்றிக் காட்டுவதில் தவறில்லை.

கேள்வி: என் பேரனுக்குப் பிறவியிலேயே காது கேட்கவில்லை. எனக்கு அறுபது வயதுக்கு மேல் ஆகிவிட்டது. அவனுக்காகச் சைகை மொழி கற்க ஆசைப்படுகிறேன். ஆனால், சைகையில் பழக்கினால் குழந்தைக்குப் பேச்சே வராமல் போய்விடும் என்று உறவினர்கள் தடுக்கிறார்கள்.
– வாசகி, மன்னார்குடி

பதில்: அம்மா, தயங்காமல் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் உறவினர்கள் சொல்வது பழைய அச்சம், அதற்கு ஒரு வரலாறும் உண்டு. 1880-இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய காது கேளாதோர் கல்வி மாநாடு, பள்ளிகளில் சைகையை ஒதுக்கிவிட்டுப் பேச்சுப் பயிற்சியையே முதன்மையாக்க வேண்டும் என்று தீர்மானித்தது. அதன் பிறகு பல நாடுகளில் கையை அசைத்த பிள்ளைகள் தண்டிக்கப்பட்டார்கள். 2010-இல் கனடாவின் வான்கூவரில் நடந்த அதே வகை மாநாடு அந்தத் தீர்மானங்களை நிராகரித்து, அவற்றால் விளைந்த தீங்குக்கு வருத்தம் தெரிவித்தது.

காது கேளாத பெற்றோரிடம் சைகை மொழியோடு வளரும் குழந்தைகள், பிற குழந்தைகள் மழலை பேசும் பருவத்தில் கைகளால் மழலை காட்டுவதை 1991-இல் வெளிவந்த ஓர் ஆய்வு பதிவு செய்திருக்கிறது. குழந்தையின் மூளைக்கு முதல் சில ஆண்டுகளில் முழுமையான ஒரு மொழி கிடைத்தாக வேண்டும். அது காது வழியே வந்தாலும் கண் வழியே வந்தாலும் சரி. செவித்துணைக் கருவியும் பேச்சுப் பயிற்சியும் நடக்கும்போதே சைகையும் நடக்கட்டும். ஒன்றுக்காக மற்றொன்றை நிறுத்த வேண்டியதில்லை. பால், தண்ணீர், அம்மா, வா, வலிக்கிறதா, இன்னும் வேண்டுமா என்று அவன் அன்றாடம் கேட்கும் பொருள்களிலிருந்து தொடங்குங்கள். பொருளைக் காட்டி, அவன் கண்கள் உங்கள் முகத்துக்குத் திரும்பும் வரை காத்திருந்து, பிறகு சைகையைக் காட்டுங்கள்; ஒரே நேரத்தில் இரண்டையும் அவனால் பார்க்க முடியாது. உங்கள் பகுதியில் காது கேளாத பெரியவர்கள் இருந்தால் அடிக்கடி வீட்டுக்கு அழையுங்கள். அவனும் நீங்களும் ஒரே நேரத்தில் அவர்களிடம் கற்பீர்கள். வயது ஒரு தடையே இல்லை.

கேள்வி: பிளஸ் டூ முடித்த என் மகள் சைகை மொழிபெயர்ப்பாளராக விரும்புகிறாள். என்ன படிக்க வேண்டும்?
– வாசகர், விழுப்புரம்

பதில்: இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் அங்கீகாரம் பெற்ற இரண்டாண்டு டிப்ளமா படிப்பு இருக்கிறது. முன்னர் குறிப்பிட்ட புதுதில்லி மையமும் கோவை இராமகிருஷ்ண மிஷன் வளாகமும் இதில் அறியப்பட்டவை. இவ்வாண்டுச் சேர்க்கை விவரத்தை அந்தந்த நிறுவனத்தின் இணையதளத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள். விண்ணப்பிக்கும் முன்பே, அருகிலுள்ள காது கேளாதோர் சங்கத்துக்கு மகளை வாரம் ஒரு முறையாவது போய்வரச் சொல்லுங்கள். வகுப்பில் சேரும்போது எதிரில் இருப்பவரின் கைகளைப் படிக்கும் வேகம் அவளுக்கு ஓரளவு வந்திருக்கும்.