கொஞ்ச நேரம் போனை உள்ளே வையுங்கள்

கேள்வி: சடங்கு நடக்கும்போது யாரும் போனிலோ கேமராவிலோ படம் எடுக்க வேண்டாம் என்று கல்யாண அழைப்பிதழிலேயே போடப் போகிறாள் என் தங்கை. வருகிறவர்களிடம் இப்படிச் சொல்வது மரியாதையா? ஒரு நினைவுக்காகத்தானே எடுக்கிறார்கள்?

பதில்: மரியாதைதான். தாராளமாகப் போடச் சொல்லுங்கள். ஆனால் 'நினைவுக்காக' என்கிறீர்களே, அதை நான் லேசில் விடுவதாக இல்லை.

படம் எடுத்துவிட்டால் நினைவில் நிற்கும் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கிறோம். லிண்டா ஹென்கெல் என்ற அமெரிக்க உளவியலாளர் இதைச் சோதித்துப் பார்த்து 2014-ல் கட்டுரை வெளியிட்டார். மாணவர்களை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போய், சில பொருள்களைப் படமெடுக்கவும் சிலவற்றை வெறுமனே பார்க்கவும் சொன்னார். மறுநாள் கேட்டால், படமெடுத்த பொருள்களைவிடச் சும்மா பார்த்தவைதான் நன்றாக நினைவில் இருந்தன. கேமரா வைத்துக்கொள்ளும் என்று மனசு கைகழுவிவிடுகிறது. ஒரு பகுதியை மட்டும் நெருக்கி எடுத்தபோது இந்த மறதி வரவில்லை என்பதையும் அவரே எழுதியிருக்கிறார். 2017-ல் வேறு சிலர் செய்த ஆய்வில், விருப்பப்பட்டுப் படமெடுத்தவர்களுக்குக் கண்ணால் கண்டது கூடுதலாகவே நினைவிருந்தது. குறைந்துபோனது காதால் கேட்டதுதான்.

எனக்கு இந்தக் காது விஷயம்தான் பெரிதாகப் படுகிறது. கல்யாணத்தில் கேட்க வேண்டியது எவ்வளவு இருக்கிறது! அந்த இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லும் வார்த்தை, சொல்லும்போது குரல் உடைகிற இடம், அம்மா அழுகையை அடக்கப் பார்த்து முடியாமல் போவது. போனைத் தூக்கிப் பிடித்து, முன்னால் நிற்பவர் தலை மறைக்காமல் கோணம் தேடுகிறவருக்கு இதில் எது காதில் விழும்?

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் பழைய சண்டை தெரியும். வந்தவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மணமக்களை மறைத்து நிற்கும் வீடியோக்காரர்களைப் பற்றி எழுதி, அந்தத் தொழில் செய்பவர்களிடமிருந்து கோபக் கடிதங்கள் வாங்கினேன். எழுதியதை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் இந்த விஷயத்தில் நான் அவர்கள் பக்கம். இப்போதைய வீடியோ கேமராக்களில் பெரும்பாலானவை காட்சியை ஒரே கணத்தில் மொத்தமாகப் பதிவதில்லை. மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிக்கின்றன. அந்த நேரம் பார்த்து விருந்தினர் யாரோ பிளாஷ் அடித்தால், படத்தின் ஒரு பாதி வெளுத்தும் மறு பாதி இயல்பாகவும் விழும். அந்தத் தருணம் திரும்ப வராது. மணமக்கள் காலத்துக்கும் பார்க்கப்போகிற பதிவை, ஒரு வாரத்தில் மறந்துபோகிற ஒரு படத்துக்காகக் கெடுப்பது அநியாயம்.

படம் என்றதும் எனக்கு ஞாபகம் வருவது, புகைப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவரான தாகேர் 1838-ல் பாரிசில் உயரத்திலிருந்து எடுத்த தெருக் காட்சி. ஆளும் வண்டியுமாகப் போய்வந்த சாலை, படத்தில் வெறிச்சோடிக் கிடக்கிறது. பல நிமிடம் ஒளி விழ வேண்டியிருந்ததால், நடந்துகொண்டிருந்த யாரும் பதியவில்லை. ஷூவுக்குப் பாலிஷ் போட ஓரிடத்தில் நின்ற ஒருவர் மட்டும் சின்னதாகத் தெரிகிறார். மனிதர் தெரியும் மிகப் பழைய புகைப்படங்களில் ஒன்றாக அதைச் சொல்கிறார்கள். படத்தில் விழ ஓரிடத்தில் நிற்க வேண்டியிருந்த காலம் அது. பிற்பாடு 36 படம் எடுக்கும் பிலிம் சுருள் வந்தபோதும், அழுத்துவதற்கு முன் யோசித்தோம். இன்று யோசிக்க வைக்கும் எந்தத் தடையும் போனில் இல்லை. அதனால்தான் யாராவது சொல்ல வேண்டியிருக்கிறது.

கல்யாணத்துக்கு ஆட்களை எதற்குக் கூப்பிடுகிறோம்? இங்கிலாந்துச் சட்டம் குறைந்தது இரண்டு சாட்சிகள் வேண்டும் என்கிறது. இந்தியாவின் 1954 சிறப்புத் திருமணச் சட்டம் மூன்று பேரைக் கேட்கிறது. அங்கே இருந்து பார்த்தவர் என்ற முறையில்தான் அவர்கள் கையெழுத்துப் போடுகிறார்கள். கையெழுத்துப் போடாத மற்றவர்களும் என் கணக்கில் சாட்சிகளே.

சரி, எப்படிச் சொல்வது? அழைப்பிதழில் ஒரு வரி போதாது, பாதிப் பேர் படிக்க மாட்டார்கள். சடங்கு தொடங்கும் முன், நடத்தி வைப்பவரே ஒருமுறை வாய்விட்டுக் கேட்டுக்கொள்ளட்டும். முடிந்ததும் எல்லோரும் ஆசை தீர எடுக்க நேரம் ஒதுக்குங்கள். தொழில்முறைப் படங்களில் சிலவற்றை அன்றே அனுப்பினால் யாருக்கும் குறை இருக்காது. முக்கியமாக, உங்கள் கை சும்மா இருக்க வேண்டும். கூடப்பிறந்தவரே எடுத்தால் மற்றவர்களை யார் தடுப்பது?

வர முடியாத பெரியவர்களுக்காக ஒரே ஒரு போனை மட்டும் ஸ்டாண்டில் நிறுத்தி, நேரலையாகக் காட்டலாம். அதை ஓர் ஆளிடம் ஒப்படைத்து, சார்ஜும் சிக்னலும் இருக்கிறதா என்று முதல் நாளே அந்த இடத்தில் பார்த்துவிடச் சொல்லுங்கள்.