டெஸ்ட் மெயில் ஃபெயில் ஆனா முதல்ல பாஸ்வேர்டைப் பாருங்க

அண்ணாச்சி, செங்கோட்டை வீட்டு கேமராவுல அசைவு தெரிஞ்சா ஜிமெயிலுக்கு அலர்ட் வரணும், ஆனா டெஸ்ட் அழுத்தினா ஃபெயில்னு காட்டுதுன்னு கேட்டிருக்கீங்க. வழக்கமான ஜிமெயில் பாஸ்வேர்டைத்தான் போட்டிருப்பீங்க. 2022 மே மாசக் கடைசியோட கூகுள் அந்த வழியை அடைச்சாச்சு. கூகுள் அக்கவுண்ட்ல டூ ஸ்டெப் வெரிஃபிகேஷனை ஆன் பண்ணி, ஆப் பாஸ்வேர்ட் எடுங்க; இந்த மாதிரி கருவிக்குன்னு கூகுள் தர்ற தனி பாஸ்வேர்ட் அது. 16 எழுத்து, நாலு நாலா பிரிச்சுக் காட்டும், டிவிஆரோட (கேமரா படத்தைப் பதிவு பண்ற பெட்டி) இமெயில் செட்டிங்ல நீங்க சேர்த்தே அடிங்க. மெயில் அனுப்புற சர்வர் smtp.gmail.com. பாதுகாப்பு முறை எஸ்எஸ்எல்னா (SSL) போர்ட் 465, ஸ்டார்ட்-டிஎல்எஸ்னா (STARTTLS) 587. மாத்திப் போட்டா போகாது.

அப்பவும் ஃபெயிலா? நெட்வொர்க் செட்டிங்ல டிஎன்எஸ் (சர்வர் பேரை வச்சு அதோட முகவரியைத் தேடித் தர்றது) 8.8.8.8 கொடுத்துட்டு, டிவிஆர்ல தேதியைப் பாருங்க. உள்ளே இருக்கிற பட்டன் பேட்டரி செத்து, தேதி பழைய வருஷத்துல நின்னா மெயில் சர்வரோட சர்டிஃபிகேட் (அடையாளச் சான்று) செல்லாதுன்னு இணைப்பை அறுத்துடும். இதை யாருமே பாக்குறதில்ல.

டெஸ்ட் போயும் அலர்ட் வரலைன்னா, மோஷன் (அசைவு) செட்டிங் பக்கத்துல 'சென்ட் இமெயில்' டிக் விட்டுப்போயிருக்கும்.

சாரல் நேரத்துல முழுப் படத்தையும் அசைவு பாக்குற ஏரியாவா விடாதீங்க. கேட், வாசப்படி மட்டும் கட்டம் போடுங்க; தென்ன மட்டை ஆடுற பக்கம் வேண்டாம். ராத்திரி கேமராவோட ஐஆர் (அகச்சிவப்பு) வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பின்னாலேயே சிலந்தி வரும். லென்ஸ் முன்னாடி வலை நூல் ஒண்ணு ஆடினாப் போதும், விடிய விடிய மெயில்தான்.