வீட்டிலிருந்து கல்லூரி டிரைவ்: சில கேள்விகள்

வெயில் ஏற ஆரம்பித்ததுமே இந்த மாதிரிக் கேள்விகளும் வர ஆரம்பித்துவிடும். விடுமுறைக்கு லேபைப் பூட்டிவிடுகிறார்கள், தீசிஸ் வேலைக்கு ஏது விடுமுறை?

"துறை லேபில் இசட் டிரைவ் தானாகவே வருகிறது. அதே லேப்டாப்பை வீட்டுக்குக் கொண்டுவந்தால் சிவப்புப் பெருக்கல் குறிதான் தெரிகிறது." (ஆய்வு மாணவி, குடியாத்தம்)

லேப்டாப்பில் கோளாறு இல்லை. இசட் டிரைவ் என்பது கல்லூரியின் சர்வரில், அதாவது எல்லோருடைய கோப்புகளையும் வைத்திருக்கும் பொதுக் கணினியில், இருக்கும் ஃபோல்டர்தான். அந்த சர்வரின் முகவரி பெரும்பாலும் 10 என்றோ 192.168 என்றோ தொடங்கும். வீட்டுக்குள் கூப்பிடும் செல்லப்பெயர் மாதிரி அது, தெருவில் போய் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. கணினி மையத்தில் வி.பி.என். (இணையம் வழியாகக் கல்லூரி நெட்வொர்க்குக்குள் போகும் தனிப் பாதை) கணக்கு கேட்டு வாங்குங்கள், அதில் நுழைந்துவிட்டால் உங்கள் லேப்டாப் வளாகத்துக்குள் இருப்பதாகவே சர்வர் நினைத்துக்கொள்ளும். முதலில் வி.பி.என்., அப்புறம்தான் டிரைவ். பாஸ்வேர்ட் சரியாகக் கொடுத்தும் ஏற்கவில்லையென்றால், பயனர் பெயருக்கு முன்னால் கல்லூரி டொமைன் பெயரையும் (கல்லூரி நெட்வொர்க்கின் பெயர், கணினி மையத்தில் சொல்வார்கள்) ஒரு பின்சாய்கோட்டையும் (\) சேர்த்துப் பாருங்கள். விண்டோஸ் உங்கள் வீட்டுக் கணக்கின் பெயரையே அனுப்பிக்கொண்டிருக்கும்.

"வி.பி.என். இணைந்துவிட்டது என்று காட்டுகிறது, ஆனால் ஃபோல்டர் திறக்கவில்லை." (விரிவுரையாளர், ஆற்காடு)

இதே தொல்லைக்காக சத்துவாச்சாரியில் ஒரு நண்பர் வீட்டில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, வி.பி.என். மென்பொருளை மூன்று தடவை அழித்துப் போட்டு, அவர் மனைவி கொடுத்த இரண்டு காபியையும் குடித்து முடித்த பிறகு, சும்மா மொபைல் ஹாட்ஸ்பாட்டில் போட்டுப் பார்த்தால் டக்கென்று திறந்தது. விஷயம் இவ்வளவுதான்: வீட்டு ரவுட்டர் 192.168.1 வரிசையில் எண் கொடுக்கிறது, கல்லூரி சர்வரும் அதே 192.168.1 வரிசையில் இருக்கிறது. சர்வரை எங்கே தேடுவது? கணினி அதை வீட்டுக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்கும். கமாண்ட் பிராம்ப்ட்டில் ஐபிகான்ஃபிக் (ipconfig) என்று அடித்து உங்கள் எண்ணைப் பாருங்கள், மோதுகிறது என்றால் ரவுட்டர் அமைப்பில் போய் 192.168.77.1 மாதிரி ஏதாவது மாற்றிவிடுங்கள். ரவுட்டர் ஒருமுறை அணைந்து எரியும், அவ்வளவுதான்.

"பெரிய எக்ஸெல் கோப்பு திறக்கவே ஐந்து நிமிடம். சேமிக்கும்போது கரண்ட் போய் ஒருமுறை கெட்டும் போனது." (ஆம்பூர்)

டிரைவிலிருந்தே திறந்து வேலை செய்யாதீர்கள். ஒரு கோப்பைத் திறக்க சர்வரும் கணினியும் பலமுறை பேசிக்கொள்ளும், லேபில் அது கண்ணிமைக்கும் நேரம், வீட்டிலிருந்து ஒவ்வொரு பேச்சும் தாமதம். கோப்பை டெஸ்க்டாப்புக்கு நகலெடுத்து வேலையை முடித்துவிட்டு, பெயரில் தேதி சேர்த்துத் திரும்பப் போடுங்கள். கோப்பு ஜிபி கணக்கில் இருந்தால் ரிமோட் டெஸ்க்டாப்தான் நல்லது: கோப்பு அங்கேயே இருக்கும், திரை மட்டும் உங்களிடம் வரும். லேப் கணினி தூங்கப் போகாதபடி அமைத்துவிட்டு வர வேண்டும், யாராவது நல்லெண்ணத்தில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டால் நானும் ஒன்றும் செய்ய முடியாது.

"இத்தனை தலைவலிக்கு, சர்வரை நேரடியாக இணையத்தில் திறந்துவிடச் சொன்னால் என்ன?" (ராணிப்பேட்டை)

கேட்கவே வேண்டாம். விண்டோஸ் கோப்புப் பகிர்வு 445-ஆம் போர்ட்டில், அதாவது கணினியின் அந்த எண்ணுள்ள நுழைவாயிலில், நடக்கிறது. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற தீம்பொருள் உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டதே, அது பரவிய வழி இதுதான். ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389-க்கும் இதே பதில். வி.பி.என். வழியாக மட்டும் போங்கள்.

"எனக்கு டிரைவ் வேண்டாம், ஜர்னல் கட்டுரைகள் போதும்." (வாலாஜா)

அப்படியானால் நூலகத்தில் கேளுங்கள். பல பல்கலைக்கழகங்கள் இன்ஃப்ளிப்நெட்டின் (பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் மத்திய அமைப்பு) இன்ஃபெட் என்ற நுழைவு வசதி வழியாக வெளியிலிருந்தே நுழைய விடுகின்றன.

"காட்பாடியில் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து வி.பி.என். போடலாமா?"

கூடாது. ஏற்கெனவே போட்டிருந்தால் இன்றைக்கே பாஸ்வேர்டை மாற்றுங்கள், அதுவும் வேறு கணினியிலிருந்து.