வீடு கட்டினால் கவுண்டி கிளினிக்குக்கு ஏன் பணம்?

கலிஃபோர்னியாவில் வீடு கட்டும் வாசகர்கள் பெர்மிட் கட்டணச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்ட கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: சொலானோ கவுண்டியில், நகர எல்லைக்குள்தான் வீடு கட்டுகிறோம். நகராட்சி கொடுத்த சீட்டில் ‘கவுண்டி பப்ளிக் ஃபெசிலிட்டீஸ் ஃபீ’ என்று ஒரு தொகை இருக்கிறது. அதில் ஒரு பங்கு சுகாதார, சமூக நலக் கட்டடங்களுக்காம். நாங்கள் கவுண்டி கிளினிக் பக்கமே போனதில்லையே? — வாசகி, வாகவில்

நீங்கள் போனீர்களா இல்லையா என்பதை யாரும் பார்ப்பதில்லை. அந்தப் பகுதிக்குக் குடிவருபவர்கள் கூடக்கூட இடமும் கூட வேண்டும் என்பதுதான் கணக்கு. மெடி-கால் (வருமானம் குறைந்தவர்களுக்கான மருத்துவ உதவி), கால்ஃபிரெஷ் (உணவு உதவி) விண்ணப்பம், மனநல சிகிச்சை, குழந்தைகள் பாதுகாப்பு எல்லாம் கலிஃபோர்னியாவில் கவுண்டியின், அதாவது மாவட்ட நிர்வாகத்தின், பொறுப்பு. பெர்க்லி, லாங் பீச், பசடீனா போன்ற ஒரு சில நகரங்களுக்குத்தான் சொந்தமாகச் சுகாதாரத் துறை உண்டு.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நகர எல்லைக்கு வெளியே கட்டும் வீட்டுக்கு மட்டுமே கவுண்டி தன் அதிகாரத்தில் இந்தக் கட்டணத்தைப் போட முடியும். எல்லைக்குள் என்றால் நகராட்சி சம்மதித்து, வசூலித்துக் கவுண்டிக்குக் கொடுக்க வேண்டும். சொலானோவில் அப்படித்தான் நடக்கிறது. ஒரு நகராட்சி மறுத்துவிட்டால், அந்த ஊர்க்காரர்களும் அதே கிளினிக்குக்கு வருவார்கள், அவர்கள் பங்குப் பணம் மட்டும் வராது.

1978-இல் 13-ஆம் முன்மொழிவு நிறைவேறி, சொத்து வரியின் அடிப்படை விகிதத்துக்கு 1 சதவீதம் என்று உச்சவரம்பு வந்தது. அதன் பிறகு கவுண்டிகள் நம்பிப் பிடித்த வழிகளில் இதுவும் ஒன்று. இதற்குக் கடிவாளம் போடத்தான் 1987-இல் மிட்டிகேஷன் ஃபீ ஆக்ட் வந்தது. 1989 ஜனவரி முதல் அது நடைமுறையில் இருக்கிறது.

கேள்வி: தொகையை எப்படி முடிவு செய்கிறார்கள்? வாய்க்கு வந்த எண்ணா? — வாசகர், ஃபேர்ஃபீல்டு

‘நெக்சஸ் ஸ்டடி’ என்ற ஆய்வறிக்கை இல்லாமல் போட முடியாது. கணக்கு புரிவதற்கு எளிய எண்களை வைத்துக்கொள்வோம். ஒரு கவுண்டியில் 4 லட்சம் பேர். சுகாதார, சமூக நலத் துறைக்குச் சொந்தமாக 2 லட்சம் சதுர அடிக் கட்டடம். இன்றைக்குக் கட்டினால் சதுர அடிக்கு 600 டாலர் ஆகும் என்றால் மொத்த மதிப்பு 12 கோடி டாலர், தலைக்கு 300 டாலர். தனி வீட்டில் சராசரியாக 3 பேர் என்றால் கட்டணம் 900 டாலர். அபார்ட்மென்டில் 2.2 பேர் என்றால் 660.

இப்போது இருப்பவர்களுக்குக் கிடைக்கும் அளவைப் புதிதாக வருபவர்களுக்கும் கொடுப்பதற்குத்தான் இந்தப் பணம். ஏற்கெனவே உள்ள பற்றாக்குறையைப் புது வீட்டுக்காரர் தலையில் கட்ட மிட்டிகேஷன் ஃபீ ஆக்டின் 66001-ஆம் பிரிவு இடம் தராது. 2022 ஜூலைக்குப் பின் ஏற்கப்பட்ட ஆய்வு என்றால் வீட்டின் சதுர அடிக்குத் தக்கபடி கட்டணம் பிரிக்கப்பட வேண்டும், இல்லையென்றால் ஏன் முடியாது என்று காரணம் எழுத வேண்டும். குறைந்தது 8 ஆண்டுக்கு ஒருமுறை ஆய்வைப் புதுப்பிக்கவும் வேண்டும்.

அறிக்கை கைக்குக் கிடைத்தால் முதலில் கட்டடப் பட்டியலைப் பாருங்கள். தப்பு நுழைவது அங்கேதான். சமூக நல அலுவலகங்கள் பல வாடகை இடத்தில் நடக்கும். அவற்றையும் சொந்தக் கட்டடமாகச் சேர்த்தால் தலைக்கு உள்ள மதிப்பு ஊதிவிடும். பழைய கட்டடத்தின் கடன் பாக்கியைக் கழித்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். கழிக்காவிட்டால், புதிதாக வருபவர் கட்டணமாக ஒருமுறையும் அந்தக் கடனை அடைக்கும் வரியாக மறுமுறையும் கொடுக்கிறார்.

கேள்வி: கடைக்காரருக்கும் இதே பங்கு உண்டா? — வாசகர், டிராசி

பல ஆய்வுகளில் கிளினிக், சமூக நலப் பிரிவுக்குக் குடியிருப்பவர்களை மட்டுமே கணக்கில் எடுப்பார்கள். வேலைக்கு வந்துபோகிறவர்கள் பெரும்பாலும் ஷெரிஃப், நீதிமன்றம் போன்ற பிரிவுகளில்தான் வருவார்கள். அப்படிப்பட்ட இடங்களில் கடைக்குக் கிளினிக் பங்கு இருக்காது.

கேள்வி: கொல்லைப்புறத்தில் அப்பா அம்மாவுக்காக ஏடியு (துணைவீடு) கட்டுகிறோம். எவ்வளவு வரும்? — வாசகி, ஸ்டாக்டன்

750 சதுர அடிக்குள் நிறுத்திக்கொண்டால் இம்பாக்ட் ஃபீ, அதாவது இந்த வகைக் கட்டணம், கிடையாது. 2020 முதல் மாநிலச் சட்டமே அப்படி. அதைத் தாண்டினால் பிரதான வீட்டின் பரப்போடு ஒப்பிட்டு விகிதப்படி. பிரதான வீடு 2,000 சதுர அடி, துணைவீடு 800, வீட்டுக்குரிய கட்டணம் 900 டாலர் என்றால், 40 சதவீதம், அதாவது 360 டாலர். 900 கேட்டு சீட்டு வந்தால் கவுன்டரிலேயே விகிதத்தைச் சுட்டிக்காட்டுங்கள். பள்ளிக் கட்டணமும் குடிநீர், கழிவுநீர் இணைப்புக் கட்டணங்களும் தனி விதியில் வருபவை. இவற்றுக்கு இந்த விலக்கு பொருந்தும் என்று நினைத்துத் திட்டம் போட்டுப் பட்ஜெட்டில் துண்டு விழுந்தவர்கள் நிறைய.

கேள்வி: 7 வருடத்துக்கு முன் இந்தக் கட்டணத்தைக் கட்டினோம். ஒரு செங்கல்லும் வைத்ததாகத் தெரியவில்லை. பணம் எங்கே? — வாசகர், மொடெஸ்டோ

பெரும்பாலும் வங்கியில்தான் இருக்கும். சுருட்டிவிட்டார்கள் என்று உடனே முடிவுக்கு வர வேண்டாம். தேங்குவதற்கு ஒரு கணக்குக் காரணம் இருக்கிறது.

4 கோடி டாலரில் ஒரு கிளினிக், மொத்தக் கவுண்டிக்கும் பொது என்று வைத்துக்கொள்வோம். மக்கள்தொகை 4 லட்சத்திலிருந்து 4.4 லட்சம் ஆகிறது. புதியவர்களின் பங்கு 11-இல் 1, அதாவது சுமார் 36 லட்சம் டாலர். அவ்வளவுதான் இந்தக் கட்டணத்திலிருந்து எடுக்கலாம். மீதி 3 கோடியே 64 லட்சத்துக்குப் பொது நிதி, மானியம், கடன் என்று வேறு வழி வேண்டும். அது கைகூடாதவரை 36 லட்சம் சும்மா கிடக்கும். கட்டணம் போடும்போதே மீதிப் பணம் எங்கிருந்து என்று சொல்லாத கவுண்டிக்கு இந்தக் கதி வந்தே தீரும். சில கவுண்டிகள் முதலில் கடன் வாங்கிக் கட்டிவிட்டு, கட்டணம் வரவர அதன் பங்குக்கான கடனை அடைக்கின்றன. எங்கள் கணிப்பில் அதுதான் உருப்படியான வழி.

நீங்கள் செய்யக்கூடியது இது. அதே சட்டத்தின் 66006-ஆம் பிரிவுப்படி நிதியாண்டு ஜூன் 30-இல் முடிந்து 180 நாளுக்குள், அதாவது டிசம்பர் கடைசி வாரத்துக்குள், ஆண்டறிக்கை வர வேண்டும். தொடக்க இருப்பு, வசூல், வட்டி, எந்தக் கட்டடத்துக்கு எவ்வளவு, அதில் கட்டணத்தின் சதவீதம், வேறு கணக்குக்குக் கொடுத்த கடன் எல்லாம் அதில் இருக்கும். வேலை தொடங்க வேண்டிய தேதியும், தவறியிருந்தால் காரணமும் இப்போது கட்டாயம்.

அதோடு ‘ஐந்தாண்டு ஃபைண்டிங்ஸ்’ என்ற தீர்மானத்தையும் கேளுங்கள். செலவாகாத பணம் எதற்கு, ஏன் இன்னும் தேவை, மீதி நிதி எங்கிருந்து, எப்போது வரும் என்று 5 ஆண்டுக்கு ஒருமுறை பதிவு செய்ய வேண்டும். செய்யாவிட்டால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். சான் கிளெமென்டே நகரம் கடற்கரை வாகன நிறுத்தத்துக்காக 1989 முதல் வசூலித்து, நிறுத்துமிடம் கட்டாமல் வைத்திருந்தது. முறையான ஃபைண்டிங்ஸ் இல்லை என்று கூறி, சுமார் 1 கோடியே 5 லட்சம் டாலரைத் திருப்பித் தரச் சொன்ன தீர்ப்பை 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதி செய்தது.

பணம் திரும்பினால் அது கட்டியவருக்குப் போகாது, அன்றைக்குச் சொத்து யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கே. வீட்டை விற்றுவிட்டீர்கள் என்றால் வாங்கியவர் அதிர்ஷ்டசாலி.

கேள்வி: கட்டடம் இருக்கிறது, நர்ஸ் இல்லை. இந்தப் பணத்தில் சம்பளம் கொடுக்கலாமே? — வாசகி, லோடை

கூடாது. சம்பளம், மின்கட்டணம், பராமரிப்பு எதற்கும் தொட முடியாது. ஒருமுறை வரும் வரவை மாதாமாதம் வரும் செலவில் கட்டினால் கட்டுமானம் மந்தமான வருடத்தில் ஆளைக் குறைக்க வேண்டிவரும். அந்தக் கேள்வியைப் பட்ஜெட் கூட்டத்தில் கேளுங்கள்.

கேள்வி: தொகை அநியாயம் என்று தோன்றினால்? — வாசகர், எல் டொராடோ ஹில்ஸ்

உங்கள் கவுண்டியிலேயே ஒருவர் அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போனார். ஜார்ஜ் ஷீட்ஸ் என்பவரிடம் ஒரு வீட்டு பெர்மிட்டுக்கு 23,420 டாலர் சாலைப் போக்குவரத்துக் கட்டணம் கேட்டார்கள். சட்டமன்றமோ கவுண்டி வாரியமோ பொதுவாகப் போட்ட கட்டணம் என்பதற்காக அரசியல் சட்டப் பரிசோதனையிலிருந்து தப்ப முடியாது என்று 2024 ஏப்ரலில் 9 நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். கட்டணமே செல்லாது என்று சொல்லவில்லை, வழக்கைக் கீழே திருப்பி அனுப்பினார்கள்.

செய்முறை: தொகையை முழுதாகக் கட்டிவிட்டு, ‘ஆட்சேபணையுடன் கட்டுகிறேன்’ என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். எந்த உண்மைகளின்படி, எந்தச் சட்டக் காரணத்தால் தவறு என்பது அதில் இருக்க வேண்டும். கட்டணம் விதித்த நாளிலிருந்து 90 நாள் அவகாசம். வழக்கென்றால் நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து 180 நாளுக்குள். தொகையையும் 90 நாள் கெடுவையும் சொல்லும் அந்த நோட்டீஸை நகராட்சியோ கவுண்டியோ தரவே இல்லையென்றால் கெடு ஓடத் தொடங்காது. ஆகவே பெர்மிட் கோப்பில் அந்தத் தாள் இருக்கிறதா, அதில் என்ன தேதி என்று முதலில் பாருங்கள்.