குளுக்கோனேட் கலந்தும் சுண்ணாம்புப் படிவு போகாதது ஏன்?

பாட்டில் கழுவும் இயந்திரத்தில் சோடியம் குளுக்கோனேட் கலந்தும் சுண்ணாம்புப் படிவு போகவில்லை என்று கேட்டிருந்தீர்கள். வெந்நீருடன் அதை மட்டும் கலந்ததால்தான் படிவு அப்படியே நிற்கிறது. குளுக்கோனேட்டைக் கடுங்காரமான காஸ்டிக் சோடாக் கரைசலில் சேர்க்க வேண்டும்.

குளுக்கோஸிலிருந்து கிடைக்கும் குளுக்கோனிக் அமிலம் மென்மையானது. அதன் உப்பான குளுக்கோனேட் நடுநிலை நீரில் கால்சியத்தைத் தளர்வாகவே பற்றும். கடுங்காரத்தில்தான் மூலக்கூறின் ஹைட்ராக்சில் (OH) தொகுதிகளும் புரோட்டானை இழந்து, கால்சியத்தையும் துருவின் இரும்பையும் இறுகப் பிடிக்கின்றன.

படிவின் ஒத்த அளவுத் துண்டுகள் இரண்டை எவர்சில்வர்க் கிண்ணங்களில் இட்டு, ஒன்றில் குளுக்கோனேட் கரைசலையும் மற்றதில் அதே கரைசலுடன் 2% காஸ்டிக் சோடாவையும் சேர்த்து, சூட்டில் ஒரு மணி நேரம் வைத்து ஒப்பிடுங்கள்.

தடித்த பழம்படிவு இதற்கு எளிதில் மசியாது. குளுக்கோனேட்டின் உண்மையான பலம் புதிய படிவைத் தடுப்பதே என்பது என் கருத்து. ஆகவே பழையதை அமிலத்தால் நீக்கி, நன்கு அலசிய பின்னரே காரத்துக்கு மாறுங்கள். அலுமினியப் பாகங்களில் காரம் படக் கூடாது.