வாசகர் கேள்வி – பதில்: படகில் அடுப்பு

கேள்வி: விசைப்படகில் ஐந்து நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்கல் தொழில். கேபினுக்குள்ளேயே 14.2 கிலோ சிலிண்டர் வைத்துச் சமைக்கிறோம். வேறு அடுப்பு மாற்றலாமா?
– வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: அடுப்பு இருக்கட்டும், முதலில் சிலிண்டரை வெளியே எடுங்கள். சமையல் கேஸ் காற்றைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கனம். வீட்டில் கசிந்தால் வாசற்படி தாண்டிப் போக வழியுண்டு. படகோ கிண்ணம் மாதிரி. கசிந்த கேஸ் பலகை இடுக்கில் இறங்கி, இன்ஜின் அறை அடியில் தண்ணீரோடு தண்ணீராகக் கிடக்கும். மேலே நிற்பவர் மூக்குக்கு வாடை எட்டாமலே போகலாம். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே பற்றும். விடியற்காலையில் செல்ஃப் அடிக்கும்போது தெறிக்கும் ஒரு பொறி போதும்.

மேல்தளத்தில், கேபின் சுவருக்கு வெளியே, நிமிர்த்தி வைத்து இரண்டு இடத்தில் கட்டுங்கள். சாய்ந்தால் திரவமாகவே ரெகுலேட்டருக்கு வந்து தீ குபீரென எழும்பும். பெட்டி செய்தால் அதன் அடித்துளை கடல் பக்கம் திறக்க வேண்டும், படகுக்குள் அல்ல. அடியில் மரச்சட்டம் கொடுங்கள். உப்புத் தண்ணீரில் நின்றால் சிலிண்டரின் கால்வளையம்தான் முதலில் துருப்பிடிக்கும். கட்டுவதற்கு 5 கிலோ சிலிண்டர் சுலபம்.

டியூப், உள்ளே கம்பி வலை வைத்த ஆரஞ்சு நிறமாக இருக்கட்டும். சுவரில் அது நுழையும் ஓட்டையைக் கவனியுங்கள். இன்ஜின் அதிர அதிர, தகரத்தின் விளிம்பு ரப்பரை அறுத்துக்கொண்டே இருக்கும். பழைய ஓஸ் துண்டு ஒன்றைச் சுற்றி உறைபோல் மாட்டிவிடுங்கள். வீட்டில் ஐந்து ஆண்டு ஓடும் டியூப் உப்புக்காற்றில் அவ்வளவு தாங்கும் என்று நம்பக் கூடாது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலத்தில் டியூப்பைக் கழற்றி வளைத்துப் பாருங்கள். வெடிப்பு மயிரிழை இருந்தாலும் மாற்றுங்கள். மாட்டிய பிறகு சோப்பு நுரை தடவி, மூட்டு மூட்டாகக் குமிழி வருகிறதா பார்க்க வேண்டும்.

இனி அடுப்பு. துருப்பிடிக்காத எஃகு உடல், பித்தளை பர்னர், காற்றில் தீ அணைந்தால் கேஸ் தானே நிற்கும் அமைப்பு: இந்த மூன்றும் உள்ளதாக வாங்குங்கள். சுற்றிலும் இரண்டு அங்குல உயரக் கம்பி விளிம்பும், பாத்திரத்தை இறுக்கும் குறுக்குக் கம்பியும் பற்ற வைத்துக்கொள்ளலாம். குழம்புச் சட்டி பாதிக்கு மேல் நிரம்பக் கூடாது. படகு பக்கவாட்டில்தான் அதிகம் உருளும், சிந்துவதும் அந்தப் பக்கமே. அதனால் சமைப்பவர் அணியத்தையோ (படகின் முன்பக்கம்) அமரத்தையோ (பின்பக்கம்) பார்த்து நிற்கும்படி அடுப்பைப் பொருத்துங்கள். பலரும் கவனிக்காத விஷயம் இது.

சமைத்து முடிந்ததும் சிலிண்டரில் மூடி, டியூப்பில் மிச்சமுள்ளது எரிந்து அணைந்த பிறகே அடுப்புத் திருகை மூடுங்கள்.

வாடை வந்தால் எந்த சுவிட்சையும் தொடாதீர்கள்; தண்ணீர் இறைக்கும் மோட்டாரும் அதில் சேர்த்திதான். சிலிண்டரை மூடி, எல்லாப் பலகையையும் திறந்து, பிளாஸ்டிக் வாளியால் அடியிலிருந்து மொண்டு மொண்டு வெளியே ஊற்றுங்கள். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், கனமான கேஸ் தண்ணீரைப் போலவே வாளியில் வரும்.

கேள்வி: ஃபைபர் படகில் பம்ப் ஸ்டவ். மண்ணெண்ணெய் கிடைக்காதபோது டீசல் ஊற்றலாமா?
– வாசகர், வீராம்பட்டினம், புதுச்சேரி

பதில்: வேண்டாம். டீசல் சரியாக ஆவியாகாது. கரி படிந்து நாசில் அடைக்கும், மஞ்சள் தீ உயரமாக எழும்பும். பெட்ரோல் கலப்பது உயிரோடு விளையாடுவது. எண்ணெய் ஊற்றும் முன் காற்றைத் திறந்துவிட்டு, டாங்க் கைக்குக் குளிரும் வரை பொறுங்கள். ஃபைபரில் உள்ள ரெசின் எரியக்கூடியது. அடுப்புக்கு அடியில் தகரமும், அதன்கீழ் விரலளவு இடைவெளியும் விடுங்கள். எண்ணெய்ச் சட்டியில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாமல் மூடியால் மூடுங்கள்.

கேள்வி: மழையில் கேபினைச் சாத்திக்கொண்டு சமைத்தால் தலைவலி, குமட்டல். கடல் ஆட்டமா?
– வாசகர், தேவனாம்பட்டினம்

பதில்: ஒரே நேரத்தில் பலருக்கு வந்தால் ஆட்டம் என்று எண்ணாதீர்கள். மூடிய இடத்தில் தீ எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும், அதற்கு மணமில்லை. உடனே அனைவரும் வெளிக்காற்றுக்கு வாருங்கள். மழையானாலும் எதிரெதிரே இரண்டு திறப்பு இருக்கட்டும். குளிருக்காக அடுப்பை எரியவிட்டுத் தூங்கவே கூடாது.